பாப்பா எழுந்ததும் கேட்க

எனக்குக் கதை கட்ட வராது. கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவள் நான். ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் பழக்கத்திலேயே இதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். கீழே வரும் நேரங்களில் பெரும்பாலானவை சர்வரில் பதிவாகி இருப்பவை. நான் மறந்தாலும் அது மறக்காது.

பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இது நடந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு தொண்டை மருத்துவமனையில். அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுக்க வேண்டியவர்கள் அதற்கு முன்னால் இங்கே வந்து தங்கள் குரலைப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். சிலர் பேசுவார்கள், சிலர் பாடுவார்கள், சிலர் வீட்டு ஆட்களின் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். மூன்றாம் மாடியில் அதற்கென்றே ஒரு பதிவு அறை. நடுவில் பெரிய கண்ணாடி. உள்பக்கம் நோயாளி, வெளிப்பக்கம் மைக் அண்ணன்.

மைக் அண்ணன் என்பது நாங்கள் வைத்த பெயர். பதினெட்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களின் குரலைப் பிடித்து வைத்தவர். அவர் அதிகம் பேச மாட்டார். உள்ளே இருப்பவருக்குச் சைகை காட்ட, பேனாவால் கண்ணாடியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆரம்பிக்கலாம். இரண்டு தட்டு என்றால் நிறுத்துங்கள். அடுத்த அறைதான் என்னுடையது. ஆறு வருடமாக அந்தத் தட்டுகளைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிட்டிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், தூங்கி வழிந்திருக்கிறேன்.

அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துவராது. ஃபைல் பெயர்.

ஆரம்பத்தில் அவர் ஃபைலுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் கடிதமே எழுதிவிடுவார். 'தபால்காரர் பேத்திக்குச் சொன்னது' என்று நடுவில் இடைவெளி விட்டு விட்டு வைப்பார். எங்கள் சர்வருக்கு மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் உத்தரவை எழுத்தாக அடித்தால்தான் வேலை செய்யும். அதற்கு இடைவெளி என்றால் ஒரு சொல் முடிந்தது, அடுத்த சொல் வேறு என்று பொருள். மேலே சொன்ன பெயரை அப்படியே அடித்தால் மூன்று தனித்தனி ஃபைல்களைத் தேடும்.

"அண்ணே, இது கம்ப்யூட்டர். உங்க வீட்டுக்கு எழுதற லெட்டர் இல்ல," என்றேன் ஒருநாள்.

"இடைவெளி விடாம மனுஷன் பேச முடியுமாம்மா?" என்றார்.

ஆனாலும் என் தொல்லை தாங்காமல் மாறிவிட்டார். பழைய பெயர்களையும் மாற்றினார். அதன் பிறகு எல்லாம் எண்கள்தான். நோயாளி எண், தேதி. அவ்வளவுதான். நானும் தினமும் எல்லாவற்றையும் இன்னொரு வட்டுக்கு நகல் எடுக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் பேனா. உள்ளே வரவில்லை.

"ஒரு ஃபைல் இருக்கும்மா. அதை என்ன பண்றதுன்னு தெரியல."

"அழியலையா?"

"அழிக்கறதுக்கு இல்ல. கொடுக்கணும். ஆனா எப்படிக் கொடுக்கறதுன்னு..."

எனக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்புறம் பார்க்கலாம்ணே," என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மாலை வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸிலேயே, உட்கார்ந்தபடியே போய்விட்டார். கடைசி நிறுத்தத்தில் தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அவருடைய கணக்கை நான்தான் பூட்டினேன். யாராவது போய்விட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை அது. அவருடைய கடவுச்சொல் இனிமேல் எங்கேயும் செல்லாது.

மூன்று வாரம் கழித்து இயக்குநர் கூப்பிட்டார். "திங்கட்கிழமை புது ஆள் வர்றார். அவரோட ஃபோல்டரைக் காலி பண்ணிடுங்க. வட்டுல இடமே இல்ல."

"எல்லாத்துக்கும் நகல் இருக்கு சார். அழிச்சிடலாம்," என்றேன்.

எல்லாத்துக்கும்... அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு மருத்துவமனையின் எங்கள் பகுதியைப் பூட்டிவிடுவார்கள். மூன்றாம் மாடியில் நான் மட்டும் இருந்தேன். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது மணி 2.50. மனது ஒட்டவில்லை. தேவையில்லாத இரண்டு மூன்று வேலைகளைச் செய்து நேரத்தைக் கடத்தினேன்.

3.02. அவருடைய ஃபோல்டருக்குள் போனேன். மொத்தம் எத்தனை ஃபைல் என்று மட்டும் கேட்டேன். 212 என்றது. பெயர்களைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. நகல்தான் இருக்கிறதே.

3.05. காவலாளி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கிளம்பலையா மேடம்?"

"அரை மணி நேரம்ணே."

"சரி. அந்த ரூம்ல இருக்கறவங்களும் உங்க கூடவே கிளம்பிடுவாங்கல்ல? நான் கீழ் கேட்டைப் பூட்டணும்."

"எந்த ரூம்ல?"

"ரெகார்டிங் ரூம்ல. சிவப்பு லைட் எரியுதே."

பதிவு நடக்கும்போது அந்த அறையின் கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும். உள்ளே யாரும் வரக் கூடாது என்பதற்காக. எழுந்து போய்ப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது.

கதவு பூட்டியிருந்தது. சாவி என் மேசையில் இருந்தது. எடுத்து வந்து திறந்தேன். காவலாளி என் பின்னால் நின்றார்.

யாரும் இல்லை. அவருடைய நாற்காலி மேசைக்குள் தள்ளியிருந்தது. கருவிகளின் மேல் துணி போர்த்தியிருந்தது. நான்தான் போர்த்தினேன், மூன்று வாரத்துக்கு முன்னால். விளக்கின் சுவிட்சைப் பார்த்தேன். அணைந்த நிலையில்தான் இருந்தது. போட்டு அணைத்தேன். விளக்கு அணைந்தது.

"ஒயரிங் கோளாறு," என்றேன்.

காவலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் நகர்வதற்கு முன்னாலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

அறையை மறுபடி பூட்டினேன். என் இடத்துக்கு வந்தேன்.

3.17. உத்தரவை அடித்தேன்.

rm *

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். rm என்றால் அழி. நட்சத்திரக் குறி என்றால் இங்கே இருப்பது எல்லாம். அந்தக் குறியைப் பார்த்ததும் சர்வர், ஃபோல்டரில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் தானே வரிசையாக அந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளும். பிறகு மளமளவென்று அழிக்கும். எங்கள் சர்வர் கேள்வி கேட்காது. ஒரு நொடிகூட ஆகாது. குப்பைத் தொட்டி, திரும்ப எடுப்பது, இதெல்லாம் கிடையாது. போனது போனதுதான்.

என்டரைத் தட்டினேன்.

அழிக்கவில்லை. கேட்டது.

முதல் ஃபைலின் எண்ணைக் காட்டி, இதை அழிக்கவா என்றது. பக்கத்தில் கர்சர் கட்டம் மினுக்மினுக்கென்று பதிலுக்குக் காத்திருந்தது.

ஆறு வருடத்தில் அந்தச் சர்வர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. யாரோ அமைப்பை மாற்றியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நிறுத்திவிட்டு வேறு வழியில் ஒரேயடியாக அழித்திருக்கலாம். என்னவோ மனது வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மனிதனின் குரல். அவர் பிடித்து வைத்தது. ஒவ்வொன்றாகவே வழியனுப்பலாம் என்று தோன்றியது.

ஆமாம் என்பதற்கு y அடித்தேன். அடுத்த எண்ணைக் கேட்டது. y. அடுத்தது. y.

கொஞ்ச நேரத்தில் விரல் தானாகவே போக ஆரம்பித்தது. கண் திரையில் இல்லை. மனம் பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருந்தது. கன்னத்தில் ஈரம் வழிவதைக்கூடத் துடைக்காமல் தட்டிக்கொண்டே இருந்தேன். y. என்டர். y. என்டர்.

எத்தனை என்று எண்ணவில்லை.

விரல் மறுபடி y எழுத்துக்கு மேல் வந்தது.

டக். டக்.

இரண்டு தட்டு.

கண்ணாடியில்... பேனா.

விரல் அந்தரத்தில் நின்றது. ஆறு வருடப் பழக்கம். அந்தச் சத்தம் கேட்டால் எதுவாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். மூளை யோசிப்பதற்கு முன்னால் கை கேட்டுவிட்டது.

திரையைப் பார்த்தேன்.

இந்த முறை எண் இல்லை.

'பாப்பா எழுந்ததும் கேட்க'. இதை அழிக்கவா?

கட்டம் மினுக்கியது. காத்திருந்தது.

வேண்டாம் என்பதற்கு n அடித்தேன். அவசரத்தில் என்டர் தவறி, மறுபடி தேடித் தட்டினேன். நேரம் 3.23.

உடனே நகல் வட்டில் அந்தப் பெயரைத் தேடினேன். இல்லை. அங்கே 211 எண்கள் இருந்தன. இது மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்பது சட்டென்று உறைத்தது. நகல் எடுக்கும் புரோகிராமை நான் எழுதியபோது பெயர்களுக்கு மேற்கோள் குறி போட மறந்திருந்தேன். இடைவெளி உள்ள பெயர் வந்தால் அது துண்டு துண்டாகப் பிரித்துத் தேடும். கிடைக்காது. விட்டுவிடும். அந்தப் புகார்ச் செய்தி யார் கண்ணிலும் படாமல் போகும்படி செய்து வைத்ததும் நான்தான், திரை அசிங்கமாக இருக்கிறது என்று. உலகத்தில் இந்தக் குரல் இந்த ஓர் இடத்தில்தான் இருந்தது. ஒரே ஒரு விரல் அசைவு.

பென்டிரைவைச் செருகினேன். அந்தப் பெயரை அடித்து, நகல் எடு என்றேன். பதற்றத்தில் நானும் அதே தப்பைச் செய்தேன். இடைவெளியை அப்படியே விட்டுவிட்டேன்.

சர்வர் மூன்று வரிகளில் பதில் சொன்னது.

'பாப்பா' என்று எதுவும் இல்லை.

'எழுந்ததும்' என்று எதுவும் இல்லை.

'கேட்க' என்று எதுவும் இல்லை.

மூன்று வரிகளையும் திரையிலிருந்து துடைத்தேன்.

மறுபடி அடித்தேன். இந்த முறை ஒவ்வோர் இடைவெளிக்கு முன்னாலும் ஒரு சாய்ந்த கோடு.

பாப்பா\ எழுந்ததும்\ கேட்க

அந்தக் கோட்டுக்கு அர்த்தம் இவ்வளவுதான்: அடுத்து வருவதை வெட்டாதே, அது பெயரின் ஒரு பகுதி, அப்படியே எடுத்துக்கொள். எடுத்துக்கொண்டது. நகல் ஆனது.

ஹெட்போனை மாட்டி ஓடவிட்டேன். முதலில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். பிறகு ஒரு தட்டு. பிறகு ஒரு பெண்.

"பாப்பா... எழுந்துட்டியா? அம்மா இங்கதான் இருக்கேன். அழக் கூடாது, என்ன?"

நிறுத்திவிட்டேன். அது எனக்குப் பேசியது இல்லை.

அப்போதுதான் ஃபோல்டரில் என்ன மிச்சம் என்று பார்த்தேன். 212 இருந்தது. 211ஐ அழித்துவிட்டேன். ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டு இருந்தன.

ஒன்று இது. இன்னொன்றின் பெயர்...

-i

கோடு போட்டு ஓர் எழுத்து எழுதினால் அதைச் சர்வர் ஃபைல் என்று நினைக்காது. உத்தரவோடு சேர்த்துக் கொடுக்கும் ஆப்ஷன் என்று நினைக்கும். -i என்றால், ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு அழி. யாரோ அந்த ஃபோல்டருக்குள் அந்தப் பெயரில் ஒரு ஃபைலை வைத்திருக்கிறார்கள். நட்சத்திரக் குறி எல்லாப் பெயர்களையும் வாரிக்கொண்டபோது அதையும் சேர்த்து வாரியிருக்கிறது. அதனால்தான் கேட்டது. அதனால்தான் அதை மட்டும் அழிக்கவுமில்லை.

திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் பெயர்.

எழுதியது யார் என்று பார்த்தேன்.

மைக் அண்ணனின் கணக்கு.

எப்போது என்று பார்த்தேன்.

இன்று. 3.16.

நான் உத்தரவை அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால்.

நிமிர்ந்தேன். என் அறைக் கதவு திறந்திருந்தது. வெளி நடைபாதையின் சுவரில் சிவப்பு வெளிச்சம்.

"அண்ணே..." என்றேன்.

சிவப்பு அணைந்தது.

மணி 3.31.

பையை எடுத்தேனா, கதவைச் சாத்தினேனா, எதுவும் நினைவில்லை. கீழே காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்துதான் மூச்சு விட்டேன். பென்டிரைவ் உள்ளங்கையில் பதிந்து தடம் போட்டிருந்தது. அவர் தண்ணீர் கொடுத்தார்.

ஞாயிறு முழுக்க எழுந்திருக்கவில்லை. பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. "அப்புறம் பார்க்கலாம்ணே" என்று நான் சொன்னதுதான் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஓர் ஐந்து நிமிடம் திரும்பி உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகச் சர்வரின் பதிவேட்டைப் பார்த்தேன். சனிக்கிழமை என்னைத் தவிர யாரும் உள்ளே வரவில்லை. அண்ணனின் கணக்கு பூட்டியது பூட்டியபடியே இருந்தது.

அடுத்து, அந்தக் குரலுக்கு உரியவர்களைத் தேடினேன். ஃபைலின் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. ஒரு பதினான்காம் தேதி, காலை 11.32 முதல் 12.10 வரை. அண்ணனின் வருகைப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த நாளில் பதினொன்றரைக்கு ஒரே ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் ஒரு போன் நம்பர். பதிவு எண் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

போன் செய்தேன். ஓர் ஆண் எடுத்தார்.

"உங்க வீட்டம்மாவோட குரல் பதிவு ஒண்ணு எங்ககிட்ட இருக்குங்க."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் ஒன்று கேட்டது.

"எந்த ஆஸ்பத்திரி சொன்னீங்க?" என்றார். சொன்னேன். "வரேன்," என்று வைத்துவிட்டார்.

மத்தியானமே வந்துவிட்டார். பஸ் டிரைவர். சீருடையோடு, வேலைக்கு நடுவில் வந்திருந்தார். ஹெட்போனைக் கொடுத்தேன். அதை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். முதல் வார்த்தையிலேயே தலை குனிந்துவிட்டது. நான் எழுந்து வெளியே போய் நின்றேன். முப்பத்தெட்டு நிமிடம். தோள்கள் குலுங்குவது என் அறைக் கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றது.

உள்ளே போனேன்.

"அவதான்," என்றார். "அவ குரல்தான். பாப்பாவுக்கு இப்போ மூணு வயசு. தினம் கேட்கும், அம்மா எப்படிப் பேசும்னு. நானும் பேசிக் காட்டுவேன். சிரிச்சிடும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு மேடம். கடைசி அஞ்சு மாசம் அவளால ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்புல பேச முடியாது. இருமல் பிடுங்கும். இதுல ஒரு தடவைகூட இருமலையே... இது எப்போ எடுத்தது?"

வருகைப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். "பதினாலாம் தேதி. பதினொண்ணு முப்பத்திரண்டுக்கு."

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்தார். விரலால் அந்தத் தேதியைத் தொட்டார்.

"பன்னெண்டாம் தேதி விடியக்காலமே அவ போயிட்டா மேடம். இங்கதான், கீழ் மாடியில. நாலு அம்பதுக்கு."

புத்தகத்தில் இருந்த தேதியை மறுபடி படித்தேன்.

"பதிவு பண்ண முடியாமலே போயிடுச்சேன்னுதான் ரெண்டு வருஷமா மனசு ஆறல. பதினாலாம் தேதி காலையில, ஒன்பது மணி இருக்கும்... நானே இங்க போன் பண்ணினேன். அவ இறந்துட்டா, இன்னிக்கு வர மாட்டா, வேற யாருக்காவது அந்த நேரத்தைக் கொடுத்துடுங்கன்னு. ரெகார்டிங் ரூம்ல இருந்த அண்ணன்தான் எடுத்தார். ரொம்ப நேரம் எனக்கு ஆறுதல் சொன்னார்."

பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு, அவர் படியிறங்கிப் போனார். அன்று மாலை கீழ் மாடி வார்டின் இறப்பு ஏட்டை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி, 4.50. அவர் சொன்னது சரிதான்.

அப்படியென்றால், பதினான்காம் தேதி 11.32க்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது யார் என்று தெரிந்தேதான், மைக் அண்ணன் பேனாவால் ஒரு முறை தட்டியிருக்கிறார்.